வருகைப் பதிவேட்டில் யார் கையொப்பம்?

பழங்குடி மக்களின் சுவாச நோய்களையே தனிப் பொருளாகக் கொண்டு மருத்துவ நிபுணர்கள் மாநாடு கூட்டவிருக்கிறார்கள் என்றால், நெசவாளரும் விவசாயிகளுமாகிய நமக்கு அதில் என்ன அக்கறை என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். அக்கறை உண்டு. எந்தக் கூட்டமாயினும் தீர்மானங்களைப் படிப்பதற்கு முன் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது நமது உத்தியோகப் பழக்கம். யாருடைய காரியமோ அவர்களுடைய கையொப்பம் அதில் இல்லாவிடில், தீர்மானம் எத்துணை நன்றாயிருப்பினும் நமக்குத் திருப்தி ஏற்படுவதில்லை.

கனடாவின் வடகோடியில் வாழும் இனூயிட் மக்களின் காசநோய் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1950 முதல் 1969 வரை ‘சி. டி. ஹோ’ என்ற அரசாங்கக் கப்பல் கோடைதோறும் கிழக்கு ஆர்க்டிக் கரையோரக் குடியிருப்புகளுக்குச் சென்று வந்தது. ஊரார் அதில் ஏறி எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்வர். நோய் தென்பட்டவர்களில் பலர், வீட்டாரிடம் விடைபெற்று வரக்கூடக் கரையிறங்க அனுமதிக்கப்படாமல், ஹாமில்டன் முதலிய தென்பகுதி நகரங்களின் சானடோரியங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1956ஆம் ஆண்டில் இனூயிட் மக்களில் ஏழில் ஒருவர் அவ்விதம் தெற்கே சிகிச்சையில் இருந்தார். வேட்டையாடும் தகப்பனை இழந்த குடும்பம் பனிக்காலத்தை எவ்வாறு கழித்திருக்கும்! இறந்தவர்கள் அங்கேயே புதைக்கப்பட்டனர். எங்கே என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. 2019 மார்ச்சில் அந்நாளைய பிரதமர் ட்ரூடோ இக்காலுயிட் நகருக்குச் சென்று அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

சிகிச்சையால் உயிர் பிழைத்தோர் பலர், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேறு வழியும் இருந்தது. நம் சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், ஒரு பிரிவு நோயாளருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவுடன் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். வீட்டாருக்குத் தொற்றும் அதிகமாகவில்லை. 1959இல் இம்முடிவு வெளியாயிற்று. ஆர்க்டிக்கின் தூரமும் செவிலியர் பற்றாக்குறையும் நாம் அறியாதவை அல்ல. எனினும் அம்மக்களைக் கேட்டிருந்தால் ஒரு பகுதியேனும் ஊரிலேயே நடந்திருக்கக் கூடும்.

தம் காரியத்தைத் தாமே நடத்த அறியாதவர்களா அவர்கள்? அதே 1959இல் கேப் டோர்செட்டில் அமைந்த இனூயிட் கூட்டுறவுச் சங்கத்தின் அச்சுச் சித்திரங்கள் உலகெங்கும் விலைபோயின!

நோய் இன்னும் தீர்ந்தபாடில்லை. 2016இல் இனூயிட் மக்களிடையே காசநோய் விகிதம், கனடாவில் பிறந்த பழங்குடியல்லாதாரைவிட ஏறத்தாழ 300 மடங்காக இருந்தது. 2030க்குள் அதனை ஒழிப்பதாக அரசாங்கமும் இனூயிட் மக்களின் தேசிய அமைப்பும் 2018இல் உறுதி கூறின. ஆயினும் 2021 குடிக்கணக்கின்படி, தம் தாயகப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இடநெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். தறியும் படுக்கையும் ஒரே அறையில் வைத்து வாழும் நம் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, நிபுணர்கள் மருந்தைப் பற்றி ஒரு நாள் பேசினால் வீட்டைப் பற்றி இரண்டு நாள் பேசட்டும். அவ்விரண்டு நாளும் தலைமை வகிப்போர் அம்மக்களாகவே இருத்தல் வேண்டும். தொடக்க விழாவில் பாடச் செய்து அனுப்பிவிடுவது பிரதிநிதித்துவம் ஆகாது. ஆண்டு விழாவுக்கு மட்டும் அழைக்கப்படும் அங்கத்தினர் நம் சங்கங்களிலும் உண்டு. மாநாடு தெற்கு நகரில்தான் கூடுமென்றால், வடக்கிலிருந்து வருவோரின் விமானக் கட்டணத்தை வரவு செலவுத் திட்டத்தின் முதல் இனமாக எழுதட்டும்.