ஐந்தாம் வகுப்போடு பசி நிற்பதில்லை

ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரத்து ஏழைப் பிள்ளைகளிடம் ‘சத்தாகச் சாப்பிடு, ஓடியாடு’ என்று உபதேசிப்பது எளிது. வழி செய்வதுதான் கடினம். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கென்றே வகுக்கப்பட்டது. இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுவதோ அதற்குப் பிந்தைய வளரிளம் பருவத்தில். நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. காலைச் சாப்பாடு பெற்றோர் பொறுப்பல்லவா என்று கேட்கலாம். விடிந்ததும் காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் கிளம்பும் வீடுகளில் அதற்கு நேரமேது? செலவாகுமே என்றால், மதிய உணவுக்கான சமையற்கூடம் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. கம்பும் உளுந்தும் பாசிப்பயறும் இந்தக் கரிசலிலேயே விளைகின்றன.

பாடுபடும் பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. தண்ணீர் சுமப்பது உடம்பை அலுக்க வைக்கும். விளையாட்டு தரும் உற்சாகத்தைத் தராது. ஹாக்கி மைதானமும் விளையாட்டு விடுதியும் அமைந்த கோவில்பட்டியிலிருந்துதான் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். எல்லோரும் இந்திய அணிக்குப் போக வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு வரை காலையில் ஒரு கிண்ணம் கம்பங்கூழோ சுண்டலோ, கணக்குப் பாடத்துக்குப் பறிபோகாத விளையாட்டுப் பீரியடு: இந்த இரண்டையும் முதலில் உறுதிசெய்துவிட்டு அறிவுரையைத் தொடங்கலாம்.