'இன்ஜினை மாத்திடு' என்பவர்களுக்கு

"இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு வேற வெச்சிரு மாப்ள. ரெண்டு நாள் வேலை."

கீரமங்கலத்தில் ஒரு பழைய அம்பாசிடரை வைத்துக்கொண்டு நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். டீக்கடையில் சொன்னார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றும்போது சொன்னார்கள். சிங்கப்பூரிலிருந்து பங்காளி ஒருவன் வாய்ஸ் நோட்டு போட்டுச் சொன்னான். சொன்னவர்களில் ஒருவர்கூட பானட்டைத் திறந்து பார்த்ததில்லை. திறந்தே பார்க்காத ஒன்றைத் தூக்கி எறியச் சொல்லும் இந்தத் தைரியம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் காசு குறைவாக இருக்கிறவன் பழைய காரின் இன்ஜினை மாற்றக் கூடாது, ரிப்பேர்தான் பார்க்க வேண்டும். மாற்றுவதுதான் மலிவு என்று சொல்வது பொய்க்கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவன் காசில் சொல்கிறார்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1977 மாடல், மார்க் 3, பெட்ரோல். அப்பா 1994ல் செகண்ட் ஹேண்டாக வாங்கி ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம், காதுகுத்து, நடுராத்திரியில் தஞ்சாவூர் மெடிக்கலுக்குப் பிரசவ கேஸ். சில நாள் விடியற்காலையில் டிக்கியிலும் பின்சீட்டிலும் பூ மூட்டை. மல்லிகை வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்த ஒரு நெடி இன்னும் அந்த சீட்டில் இருக்கிறது என்று அம்மா சொல்லும். எனக்குத் தெரிவது எலி வாசனை மட்டும்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தது. கொட்டகை மேல் தென்னை விழுந்தது, கொட்டகை வண்டி மேல் விழுந்தது. தோப்பே போன பிறகு காரைப் பற்றி யார் யோசிப்பது? தகரத்தை இழுத்து மூடி அப்படியே விட்டோம். ஏழு வருஷம். இந்த முறை சீட்டு எடுத்ததில் கையில் அறுபதாயிரம் நின்றபோதுதான் தகரத்தை நீக்கினேன். இன்ஜின் ஜாம். ஹேண்டில் போட்டால் அசையவே இல்லை. அன்றைக்குத்தான் மேலே சொன்ன அறிவுரைகள் ஆரம்பித்தன.

*

மாற்றச் சொல்பவர்களின் கணக்கை முதலில் பார்ப்போம். அம்பாசிடரில் 1992ல் கம்பெனியே இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் இன்ஜினை வைத்தது. பழைய 1489 சிசி இன்ஜினைவிட அதற்கு இழுவை அதிகம், கூடவே ஐந்து கியர். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த அந்த இன்ஜின் ஒன்று, கியர் பாக்ஸோடு நாற்பதாயிரத்துக்குக் கிடைக்கும் என்றார்கள். "அறுபது வெச்சிருக்க. நாப்பது போனா இருபது மிச்சம்டா!"

இந்த மிச்சம்தான் ஏமாற்று. என் வண்டியில் கியர் தண்டு ஸ்டியரிங்கோடு இருக்கிறது. அந்த இன்ஜினின் கியர் தண்டு தரையிலிருந்து வரும். எனவே தரைத் தகட்டை வெட்ட வேண்டும். இன்ஜின் உட்காரும் தாங்கிகளை வெட்டி வெல்டு வைக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் ஒத்துவராவிட்டால் அதை வெட்டி, பிறகு பேலன்ஸ் பார்க்க வேண்டும். ரேடியேட்டர், சைலன்சர் குழாய், கிளட்ச் இணைப்பு, ஆக்சிலேட்டர் கேபிள், வயரிங் என்று ஒவ்வொன்றாக வரும். இழுவை கூடினால் நிறுத்தவும் வேண்டுமே, பிரேக்கைத் தொடாமல் விட முடியுமா? இவ்வளவையும் எழுதிக் கூட்டியபோது எண்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. அதுவும் அந்த இன்ஜின் நன்றாக இருந்தால். எவனோ ஓட்டித் தள்ளிய இன்ஜினின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நம் வீட்டு நோயாளியைக் கைவிட்டு ஊர்பேர் தெரியாத நோயாளி ஒருவனைக் கூட்டிவருகிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஏழைக்கு முக்கியமானது. இன்ஜினை மாற்ற ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. தரையை வெட்டிய பிறகு காசு தீர்ந்துபோனால் அது கார் இல்லை, கோழிக்கூண்டு. ரிப்பேர் அப்படியில்லை. இந்த மாசம் ஹெட், அடுத்த மாசம் பிஸ்டன், தை மாசம் கார்புரேட்டர் என்று தவணையாகப் பார்க்கலாம். பாதியில் நின்றாலும் எதுவும் கெட்டுப்போகாது. காசு இல்லாதவனுக்கு மொத்தச் செலவைவிட எந்தெந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய கேள்வி. இதை எந்த வாய்ஸ் நோட்டிலும் யாரும் சொல்லவில்லை.

*

"அந்தக் காலத்துலயே எல்லாரும் மாத்துனாங்களே?" மாற்றினார்கள்தான். அப்பாவோடு ஸ்டாண்டில் நின்றவர்கள் பலர் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். தினமும் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசத்தில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது. போட்ட காசு ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்பி வந்தது. நான் வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டப்போகிறேன்? பொங்கலுக்கு, கோயிலுக்கு, ஆலங்குடி வரை, பேராவூரணி வரை, மிஞ்சினால் ஆயிரம் கிலோமீட்டர். அதில் மைலேஜ் மிச்சம் பிடித்து முதலை எடுக்க எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும். அவர்கள் பிழைப்புக்குச் செய்ததை நாம் பொழுதுபோக்குக்குச் செய்துவிட்டு, அவர்களையே சாட்சிக்கும் கூப்பிடுகிறோம்.

கியூபாவையும் உதாரணம் காட்டுகிறார்கள். ஹவானா தெருவில் ஓடும் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள் பலவற்றுக்குள் இருப்பது வேறு நாட்டு டீசல் இன்ஜின் என்பது உண்மைதான். அமெரிக்கத் தடையால் அங்கே உதிரிபாகம் வராமல் போனது, வேறு வழியில்லாமல் மாற்றினார்கள். நமக்கு யார் தடை போட்டார்கள்? அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரிஸ்' வகை. 1955ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து 1489 சிசி இன்ஜின்தான். உலகத்தில் பலர் இன்னும் இதைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோனாலும் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட்டெல்லாம் தேடினால் கிடைக்கிறது. கியூபாக்காரனுக்கு இந்த வசதி இருந்திருந்தால் ரிப்பேர்தான் பார்த்திருப்பான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய இன்ஜின் தாங்காது என்பது. இதில் உண்மை இருக்கிறது. எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தை இழுக்கும். ஆனால் அடிபடுவது பெட்ரோல் குழாய், பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டருக்குள் இருக்கும் சில்லறைச் சாமான்கள். அவற்றை மாற்றலாம், டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்காமல் இருக்கலாம். 2000ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோதும் இதே பேச்சு வந்தது. வால்வு உட்காரும் இடம் தேயும் என்றார்கள். கடினமான இரும்பில் வளையம் செய்து ஹெட்டில் பதித்துவிட்டால் தீர்ந்தது. போகட்டும், இவர்கள் வைக்கச் சொல்லும் தொண்ணூறுகளின் இன்ஜின் மட்டும் எத்தனால் குடித்தா வளர்ந்தது?

*

என்னை 'ஒரிஜினல்' கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஒரு ஸ்குரூகூட மாறாத வண்டிதான் வண்டி என்கிறவர்கள் அவர்கள். என் வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், "உங்க அப்பா எவ்வளவு ரசனையா ஒரிஜினலா வெச்சிருக்கார் சார்!" என்று உருகினார். அப்பாவிடம் சொன்னேன். "ரசனையா? டீசல் போட அன்னிக்குக் காசு இல்லடா" என்றார். அவர்கள் ரசனை என்று கும்பிடுவது எங்கள் வீட்டு வறுமையை. எல்லோரும் டீசலுக்குப் போன பிறகு பெட்ரோல் வண்டியில் வாடகை கட்டுப்படியாகாமல் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனவே புனிதம் எதுவும் இங்கே இல்லை. ரிப்பேர் பண்ணு என்று நான் சொல்வது முழுக்க முழுக்கக் காசுக்கணக்கு.

மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. கஜாவுக்குப் பிறகு எங்கள் தோப்பில் ஒன்று கற்றுக்கொண்டோம். விழுந்த தென்னையைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. ஆனால் சாய்ந்த ஒரு பலாவில் பாதி வேர் மண்ணுக்குள் இருந்தது. கிளையைக் கழித்து, முட்டுக் கொடுத்து நிறுத்தினோம், இன்றைக்குக் காய்க்கிறது. எது தென்னை, எது பலா என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிளாக்கில் விரிசல் விட்டிருந்தால், கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் அது தென்னை. மாற்றுங்கள். அப்போதும் அதே வகை இன்ஜினைத் தேடுங்கள், வெட்டு ஒட்டு வேலை மிச்சம்.

மற்றபடி தோண்டிப் பார்க்கப் பெரிய செலவில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினார். "ஊறட்டும் தம்பி. அவசரப்பட்டு மிதிச்சா ஒடிஞ்சிரும்" என்றார். தினமும் சாயங்காலம் ஹேண்டிலைப் போட்டு லேசாக ஒரு அழுத்தம். ஒன்பதாம் நாள் அசைந்தது. பிறகு கம்ப்ரஷன் பார்த்தார். மூன்று சிலிண்டர் பரவாயில்லை, ஒன்று படுத்துவிட்டது. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது முள் ஏறியது. ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்தார், இல்லை. ஹெட் கேஸ்கெட்டும் பிளாக்கும் தப்பித்தன. வியாதி என்ன என்று தெரிந்துகொள்ள ஆன செலவு ஆயிலும் அவர் கூலியும்தான்.

பிளாக்கைத் திருச்சிக்குக் கொண்டுபோனோம். ஏற்கெனவே யாரோ ஒருமுறை போர் எடுத்து இருபது சைஸ் பிஸ்டன் போட்டிருந்தார்கள். இப்போது நாற்பது. அதுவும் தேய்ந்தால் ஸ்லீவ் போட்டு மறுபடி முதல் அளவுக்கே கொண்டுவரலாம். இந்த இரும்பை வார்த்தவன் இது தேயும், இதை ஒருவன் ரிப்பேர் செய்வான் என்று நினைத்தே வார்த்திருக்கிறான். கிராங்க் ஷாஃப்ட்டைப் பத்து கிரைண்டிங், புது பேரிங், வால்வு வளையம், கேஸ்கெட் செட், கூலி எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம். மூன்று தவணை.

*

சட்டமும் ஒரு வார்த்தை. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டி ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது நம்பரைத்தான். 2021ல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், ஆனால் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. என் வண்டிக்கு 2027ல் ஐம்பது. பதிய இருபதாயிரம் கட்டணம், அதை நான் கட்டுவேனா தெரியாது. ஆனால் அந்தக் கதவை ரெண்டு நாள் வேலையில் நானே ஏன் சாத்திக்கொள்ள வேண்டும்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். அந்த மெக்கானிக் அண்ணனிடம் தொழில் கற்க இப்போது ஒரு பையனும் இல்லை. திருச்சியில் போர் எடுத்தவர், "இந்த மாதிரி பிளாக்கு முன்னாடி வாரத்துக்கு நாலஞ்சு வரும் தம்பி, இப்ப மாசத்துக்கு ஒண்ணு வந்தா பெரிசு" என்றார். நாம் 'மாத்திடு' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்தக் கைகளுக்கு வேலை இல்லை என்று சொல்கிறோம். பிறகு பத்து வருஷம் கழித்து, "இப்பல்லாம் நல்ல மெக்கானிக்கே கிடைக்கறதில்லப்பா" என்று டீக்கடையில் உட்கார்ந்து புலம்புவதும் நாமேதான். நான் கொடுத்த ஐம்பத்திரண்டாயிரத்தில் பாதிக்கு மேல் ஒரு லேத்து, ஒரு போரிங் மெஷின், ஒரு கிழவரின் கை ஆகியவற்றுக்குப் போனது. மாற்றியிருந்தால் பெரும்பகுதி பழைய இரும்பு வியாபாரிக்குப் போயிருக்கும்.

வண்டி இப்போது ஓடுகிறது. பெரிதாகப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. மேடு வந்தால் முனகுகிறது. இந்த இன்ஜினின் பிறவிக்குணம், பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது, அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறேன். போன வாரம் அப்பாவை ஏற்றிக்கொண்டு பூ மார்க்கெட் வரை போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். திரும்பி வந்து இறங்கும்போது சொன்னார்:

"நாலாவது சிலிண்டர் இன்னும் கொஞ்சம் தட்டுது. டேப்பட்டப் பாக்கச் சொல்லு."

நாளைக்குப் பார்க்கச் சொல்ல வேண்டும்.