ஐசிங்கில் தமிழ் வராதாம்!



போன ஆசிரியர் தினத்தன்று எங்கள் ஆசிரியர் அறைக்கு இரண்டு பெட்டி ஐசிங் பிஸ்கட் வந்தது. ஒரு மாணவியின் உம்மா வீட்டில் செய்து அனுப்பியது. வெள்ளை ஐசிங், ஓரத்தில் சின்னச் சின்னப் பூக்கள், நடுவில் 'ஹெப்பி டீச்சர்ஸ் டே' என்று அழகான ஆங்கிலக் கூட்டெழுத்து. நாங்கள் படிப்பிப்பது தமிழ்மொழி மூலப் பாடசாலையில். "தமிழில் எழுதியிருக்கலாமே" என்றோம். பிள்ளை சொன்னாள்: "ஐசிங்ல தமிழ் வராதாம் டீச்சர். உம்மா 'நன்றி' எண்டு எழுதிப் பார்த்தவ. எல்லாம் ஒண்டாக் கரைஞ்சு போச்சு."

அந்த 'வராதாம்' எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. டிசம்பர் விடுமுறையில் ஆசிரியைகள் நாலு பேர் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் கூடினோம். ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி வந்தார். ஐசிங் தெரிந்தவர் எங்களில் ஒருவர்தான்.

முதல் நாள் எங்களுக்கும் கரைந்துதான் போனது. காரணம் தமிழ் அல்ல, தண்ணீர். பிஸ்கட்டை மூடி நிரப்பும் ஐசிங் இளக்கமாக இருக்க வேண்டும். எழுதும் ஐசிங் பற்பசை போல இறுக்கமாக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டுக்கும் ஒன்றையே பாவித்தோம். அடித்தளம் காயுமுன் எழுதியது அடுத்த பிழை. கொழும்புப் புழுக்கத்தில் அதை இரவு முழுக்க மின்விசிறியின் கீழ் காய விட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஈரம் பிடித்து நிறம் ஊறும்.

ஐசிங் சீனியை இரண்டு முறை அரித்தெடுங்கள். ஒரு சின்னக் கட்டி போதும், நொசில் அடைத்துக்கொள்ளும். ஒரு முட்டை வெள்ளைக்கருவுக்கு 200 முதல் 250 கிராம் சீனி, சில துளி தேசிக்காய்ப் புளி. பச்சை முட்டை சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்லதல்ல. அவர்களுக்கென்றால் மெரிங் பவுடர் பாவியுங்கள், பொதியில் ஹலால் இருக்கிறதா என்று பார்த்து. எழுதும்போது நொசிலைப் பிஸ்கட்டில் தேய்க்காமல் சற்று உயர்த்திப் பிடித்தால் ஐசிங் நூல்போல இறங்கும். அந்த நூலை வளைத்து வைப்பதுதான் எழுத்து.

வளைவுக்குத் தமிழைவிடத் தோதான எழுத்து எது? ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் நார் வழியே கிழியும், அதனால்தான் நம் எழுத்துகள் வட்டமாயின என்பார்கள். ஓலை ஏடுகளில் பெரும்பாலும் புள்ளியும் வைக்கவில்லை. எழுதும் பொருளுக்கு ஏற்ப எழுத்தும் தன்னை மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆனால் இன்று புள்ளியை விட முடியாது. 'நன்றி' புள்ளி இல்லாமல் 'நனறி' ஆகிவிடும். ஐசிங்கில் புள்ளி வைத்தால் முனை கூராக நிற்கும். ஈரத் தூரிகையால் மெல்லத் தட்டினால் உருண்டுவிடும்.

சிரமமே இல்லை என்று சொல்லவில்லை. 'ண' சிறிதாக எழுதினால் சுழிகள் அடைபடும். 'ஹஜ்ஜு' எழுதி முடிக்க எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சென்றிமீற்றராவது இருக்க வேண்டும். நீளமான சொல்லை நடுவிலிருந்து இரு பக்கமும் எழுதினால் கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் போகாது. கணினியில் பெரிதாக அச்சிட்ட சொல்லைப் பிளாஸ்டிக் கோப்புறைக்குள் வைத்து, மேலே ஐசிங்கால் எழுதி, வழித்தெடுத்து மறுபடி எழுதினோம். முதலாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே வேலைதான். (நாங்கள் 'வாழ்த்துகள்' என்றே எழுதுகிறோம். ஓரெழுத்து மிச்சம்!)

ஐசிங் கற்றுத்தரும் வீடியோக்களில் நாங்கள் பார்த்ததெல்லாம் ஆங்கில எழுத்து. நாமும் ஆங்கிலத்திலேயே ஓடர் கொடுக்கிறோம். கேட்காததை யாரும் பழகமாட்டார்கள். பிறகு 'தமிழ் வராது' என்கிறோம்.

1987 இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியானது. அந்த உரிமையின் பேரில்தான் பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் படம் பிடித்துப் போடுகிறோம், கோபப்படுகிறோம். அது நியாயம். ஆனால் நம் வீட்டுப் பெருநாள் தட்டில் தமிழ் பிழையாகக்கூட இல்லையே! அதை யார் தடுத்தார்கள்? சித்தி லெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியது தமிழில்தான். அரபு எழுத்தில் தமிழை எழுத, இல்லாத ஒலிகளுக்குப் புது எழுத்தே உண்டாக்கினார்கள் நம் முன்னோர். எழுத்துக்காக அவ்வளவு மினக்கெட்டவர்களின் பிள்ளைகள் நாம்.

இன்னொரு விடயம். அல்லாஹ்வின் திருநாமத்தையும் குர்ஆன் வசனத்தையும் அரபில் எழுதிய பிஸ்கட்டுகளும் வருகின்றன. தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. ஆனால் அந்தத் துகள் நிலத்தில் விழுந்து மிதிபடுவதைப் பார்க்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. 'பெருநாள் வாழ்த்துகள்' என்று எழுதினால் அந்தச் சங்கடமே இல்லை.

வீட்டில் பேக் பண்ணி உழைக்கும் சகோதரிகளைக் குறை சொல்லவில்லை. கேட்டதைத்தான் அவர்கள் செய்து கொடுக்க முடியும். ஆங்கிலத்தை விடச் சொல்லவும் இல்லை. சிங்கள அயலவருக்குக் கொடுக்கும் தட்டில் சிங்களத்தில் எழுதினால் இன்னும் அழகு. தமிழில் எழுதப் பழகினால் தொழிலுக்கும் நல்லது: கொட்டாஞ்சேனையில் நத்தாருக்கும் வெள்ளவத்தையில் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதே கைக்கு வேலை உண்டு.

எங்கள் கவலை பிள்ளைகளைப் பற்றியது. வினாத்தாளிலும் அப்பியாசக் கொப்பியிலும் தமிழ், பிறந்தநாள் கேக்கிலும் பெருநாள் பிஸ்கட்டிலும் ஆங்கிலம் என்றால் பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்? தமிழ் பரீட்சைக்கு, சந்தோசத்துக்கு வேறு மொழி என்றுதானே?

வரும் நோன்புப் பெருநாளுக்கு ஓடர் கொடுக்கும்போது ஒரு டசினாவது தமிழில் கேளுங்கள். சொல்லை ஆங்கில எழுத்தில் டைப் பண்ணி அனுப்பாமல், தாளில் தெளிவாகத் தமிழில் எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள். 'ரமழான்' என்பதில் எந்த 'ழ' என்று செய்பவர் தடுமாற வேண்டியிருக்காது.

நாங்கள் பழகிய எழுத்துத் தாளை அந்தப் பிள்ளையின் உம்மாவுக்குக் கொடுத்திருக்கிறோம். வேறு யாருக்கும் வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் அனுப்பி வைக்கிறோம்.