பஞ்சுக் கோட்டையைக் கட்டிய நீர்



வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் நாளடைவில் வெண்ணிறப் படிவு ஒன்று ஒட்டிக்கொள்வதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். அதே சுண்ணாம்புப் படிவு ஒரு மலைச்சரிவையே போர்த்தி, மாபெரும் மாளிகைகளுக்குக் கல்லாகவும் அமைந்திருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? அக்கல்லின் பெயர் டிராவர்டைன்.

துருக்கியின் தென்மேற்கே, தெனிஸ்லி மாநிலத்தில் பாமுக்கலே என்னும் இடம் உள்ளது. 'பாமுக்' என்றால் பஞ்சு. 'கலே' என்றால் கோட்டை. 'கல்ஆ' என்னும் அரபுச் சொல்லே துருக்கியில் 'கலே' ஆயிற்று. அங்கே பூமிக்கடியில் கரியமில வாயு கலந்த வெந்நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சோடாப் புட்டியைத் திறந்தவுடன் வாயு வெளியேறுவது போன்று, வெளிக்காற்றுப் பட்டதும் அவ்வாயு பிரிகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு முதலில் கூழ்போல் படிந்து, பின்னர் கல்லாக இறுகுகிறது. ஏறத்தாழ 200 மீட்டர் உயரச் சரிவில் வெண்ணிறத் தொட்டிகள் படிப்படியாக உருவானது இவ்வாறுதான்.

இத்தாலியின் ரோம் நகருக்கு அருகிலுள்ள திவோலியிலும் இக்கல் மிகுதி. அவ்வூரின் பழம்பெயர் திபூர். 'திபூர்க் கல்' என்னும் இலத்தீன் பெயரே மருவி டிராவர்டைன் ஆயிற்று. கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கின் வெளிச்சுவரும் தூண்களும் இக்கல்லால் ஆனவை. 1997இல் லாஸ் ஏஞ்சல்ஸில் திறக்கப்பட்ட கெட்டி மையத்திற்கும் திவோலிப் பகுதியிலிருந்தே கல் சென்றது. இக்கல்லில் இயல்பாகவே சிறு துளைகள் இருக்கும். தரைக்குப் பயன்படுத்துவோர் அவற்றை அடைத்து மெருகேற்றுவர். தங்கள் இல்லத்தில் இக்கல் பதித்திருப்பின், எலுமிச்சைச் சாறோ வினிகரோ சிந்தாமல் காத்துக்கொள்ளுங்கள். புளிப்பு அதனை அரித்துவிடும்.

நீர் கட்டிய கோட்டையை மனிதன் என்ன செய்தான்? 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாமுக்கலேயின் உச்சியில் விடுதிகளை எழுப்பினான். அவற்றின் நீச்சல் குளங்களுக்கு ஊற்று நீர் திருப்பப்பட்டது. சரிவின்மீதே சாலையும் போடப்பட்டது. நீரின்றிப் போன பகுதிகள் வெண்மை இழந்து பழுப்பேறின.

1988இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் விடுதிகள் இடிக்கப்பட்டன. சாலை இருந்த இடத்தில் செயற்கைத் தொட்டிகள் அமைந்தன. இன்று ஒவ்வொரு பகுதிக்கும் முறைவைத்து நீர் விடப்படுகிறது. பார்வையாளர்கள் காலணியைக் கழற்றிவிட்டே நடக்க வேண்டும்.

வருமானம் தந்த கட்டடங்களையே இடித்து ஒரு சமுதாயம் தன் தவற்றைத் திருத்திக்கொண்டது எளிய செயலன்று. பல்லாயிரம் ஆண்டுகள் பொறுமையாக நீர் கட்டியதைச் சில பத்தாண்டுப் பேராசை கெடுத்துவிடும் என்பதை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போமாக!