சோப்புக் கட்டிக்கு 5%, ஹேண்ட்வாஷுக்கு 18%: திண்டுக்கல் உப்புத்தண்ணிக்கு எது சரி?

குளியல் சோப்புக் கட்டிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதே வேலையைச் செய்யும் ஹேண்ட்வாஷ், பாடிவாஷுக்கு மட்டும் பழைய 18 சதவீதம்தான். கட்டி ஏழைக்கு, பாட்டில் வசதியானவருக்கு என்பது இந்தப் பிரிப்பின் பின்னால் உள்ள கணக்கு. போர்வெல் தண்ணியை நம்பியிருக்கும் திண்டுக்கல் சமவெளியில் அந்தக் கணக்கு சரியா வருமா?

என்ன மாறியது?

வரிக்கு முன் 100 ரூபாய் விலையுள்ள சோப்புக் கட்டி முன்பு 118 ரூபாய், இப்போது 105. அதாவது கையிலிருந்து போகும் பணம் சுமார் 11 சதவீதம் குறைகிறது. அதே விலையுள்ள ஹேண்ட்வாஷ் இன்றும் 118 ரூபாய்தான். கீழ்நடுத்தர, ஏழைக் குடும்பங்களின் மாதச் செலவைக் குறைக்கவே இந்த மாற்றம் என்று மத்திய அரசு விளக்கம் தந்தது. ஆனால் திரவமாகவே விற்கும் ஷாம்புவுக்கும் அதே நாளில் 5 சதவீதம் வந்தது. அப்படிப் பார்த்தால் 'திரவம் என்றால் ஆடம்பரம்' என்பது எல்லா இடத்திலும் பொருந்தும் விதி இல்லை.

ரெண்டும் ஒரே சோப்புதானா?

இல்லை. எண்ணெய் அல்லது கொழுப்புடன் காஸ்டிக் சோடா சேர்ந்தால் கெட்டியான சோப்பு கிடைக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் இளகிய, திரவ சோப்பு வரும். கடையில் விற்கும் ஹேண்ட்வாஷ்களில் பெரும்பாலானவை இந்த ரெண்டாவது வகை கூட இல்லை. சோடியம் லாரெத் சல்பேட் போன்ற செயற்கை நுரைப்பொருட்களால் ஆனவை. வேதியியல்படி அவை டிடர்ஜென்ட் குடும்பம்.

தோலின் பிஎச் அளவு ஏறக்குறைய 5. சாதாரண சோப்புக் கட்டி 9 முதல் 10 வரை இருக்கும். கட்டி போட்டுக் குளித்தபின் தோல் இழுத்துப் பிடிப்பது போலத் தோன்ற இதுவும் ஒரு காரணம். திரவத்தின் பிஎச் அளவைத் தோலுக்கு நெருக்கமாக வைத்துத் தயாரிக்க முடியும்.

உப்புத்தண்ணியில் ஏன் நுரை வரலை?

திண்டுக்கல் மாநகராட்சிக்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்தும் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது. அது குடிக்க, சமைக்க. குளிக்க, கை கழுவப் பல வீடுகளில் போர்வெல்தான். இங்கே நிலத்தடி கடினப் பாறை. அதில் தேங்கும் நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து வரும். போதாததற்கு, தோல் தொழிற்சாலைக் கழிவால் திண்டுக்கல் சுற்றுவட்டார நிலத்தடி நீர் கெட்டிருப்பதை ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் 2005-லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தக் கால்சியம் சோப்புடன் சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறுகிறது. பக்கெட்டின் ஓரத்திலும் டைல்ஸிலும் படிவது அதுதான். கால்சியம் தீர்ந்த பிறகுதான் நுரையே வரும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்வோம். வேதியியல் கணக்குப்படி, அதன் ஒவ்வொரு லிட்டரும் நுரை வருவதற்கு முன்பே சுமார் 1.8 கிராம் சோப்பை விழுங்கிவிடும். 600 என்றால் மூன்றரை கிராமுக்கு மேல்.

நல்ல தண்ணி வீட்டை விட உப்புத்தண்ணி வீட்டில் சோப்பு எட்டில் ஒரு பங்கு கூடுதலாகக் கரைந்தாலே போதும். வரிக்குறைப்பில் மிச்சமான அளவு பணம் அங்கே கரைந்துவிடும்.

அப்போ லிக்விடுக்கு மாறிடலாமா?

அவசரம் வேண்டாம். செயற்கை நுரைப்பொருள் உப்புத்தண்ணியிலும் நுரைக்கும் என்பது உண்மை. ஆனால் செலவாகும் அளவு அதிகம். சூரிச் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2009 கணக்குப்படி, ஒருமுறை கை கழுவ கட்டியில் சுமார் 0.35 கிராம் தேய்கிறது. திரவத்தில் சுமார் 2.3 கிராம் போகிறது. ஆறு மடங்குக்கும் மேல். பிளாஸ்டிக் பாட்டில் தனி.

தோலுக்கும் முழு நிம்மதி இல்லை. கடின நீரில் கழுவும்போது சோடியம் லாரில் சல்பேட் தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சல் தருவதை 2018-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. பிரச்சினையின் வேர் தண்ணியில் இருக்கிறது.

கட்டி சோப்பில் கிருமி ஒட்டாதா?

கட்டியின் மேல் கிருமி இருக்கலாம், கைக்குத் தொற்றுவது அரிது. 1988-ல் வெளியான ஆய்வில் வேண்டுமென்றே கிருமி தடவிய கட்டியால் 16 பேர் கை கழுவினார்கள். யார் கையிலும் அந்தக் கிருமி தென்படவில்லை. ஆய்வாளர்கள் சோப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ரெண்டு வடிவத்தையும் ஏற்கிறது. கட்டி சிறியதாகவும் தண்ணீர் வடியும் தட்டிலும் இருக்கச் சொல்கிறது.

திரவத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்கப் பொதுக் கழிப்பறைகளில், திறந்து ஊற்றி நிரப்பும் சோப்பு டப்பாக்களில் நாலில் ஒன்றில் பாக்டீரியா பெருகியிருந்ததாக 2011 ஆய்வு சொன்னது.

பிரியாணிக் கடைக்கு என்ன?

நூறு பேர் கை கழுவும் வாஷ்பேசினில் கட்டி வைக்க முடியாது. எனவே மெஸ், பிரியாணிக் கடைகளுக்கு லிக்விட்தான் வழி. பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி வாங்கும் உணவகங்கள், தாங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஹேண்ட்வாஷ் கேனுக்கான 18 சதவீதம் முழுக்க அவர்கள் தலையில்தான். செலவைக் குறைக்கத் தண்ணி கலந்தால், கிருமி வளராமல் தடுக்கும் மருந்தின் வீரியமும் குறைந்துவிடும். கை கழுவும் பழக்கத்தைப் பரப்ப நினைக்கும் நாட்டில், பொது இடத்துக்கான சோப்புக்கே கூடுதல் வரி விழுகிறது.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

* உறையில் டிஎஃப்எம், அதாவது மொத்தக் கொழுப்புப் பொருள் அளவு. டாய்லெட் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 வேண்டும். 'பேதிங் பார்' என்றால் 40 போதும்.
* வீட்டில் குளிக்கக் கட்டியே சிக்கனம். போர்வெல் தண்ணி என்றால் கடைசி ரெண்டு சொம்பு நல்ல தண்ணியில் அலசினால் பிசுக்கு குறையும்.
* பலர் கை வைக்கும் இடத்துக்கு லிக்விட். பாட்டிலை மறுபடி நிரப்பும் முன் கழுவிக் காயவிட வேண்டும்.

வரி விகிதத்தை ஜிஎஸ்டி கவுன்சில் ஒரே கூட்டத்தில் மாற்றிவிடலாம். உப்புத்தண்ணி வீட்டில் ஒரு கட்டி எத்தனை நாள் வரும் என்பதை முடிவு செய்வது, குளியலறைக் குழாயில் நல்ல தண்ணி வருகிறதா என்பதுதான்.