ஆடத் தெரிந்தவர்க்குக் கூடம் எங்கே?

(வடக்கனந்தல் மாணவர் ஒருவர், மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு)

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. ஆடத் தெரிந்தவளுக்குக் கூடமே இல்லாவிட்டால் அவள் என்ன சொல்வாள்? நம் கலைக் கல்லூரிகளில் படித்துக்கொண்டே செவ்விசையும் பயிலும் மாணவ மாணவியரின் நிலை இதுதான்.

கல்லூரி விழாக்களை எண்ணிப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட, குரல் வளமுள்ள நால்வரைத் தேடிப் பிடிக்கிறோம். நாட்டுப்பண்ணுக்கு அவர்களையே மறுபடி அழைக்கிறோம். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் அவர்களுக்கு இடமில்லை. திரையிசையை நான் குறை கூறவில்லை; அதற்கு நானும் கை தட்டுகிறவன்தான். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் குருவின் முன் அமர்ந்து கற்றவருக்குப் பத்து நிமிடம்கூடவா ஒதுக்க முடியாது?

மேடை என்பது பெருமைக்காக மட்டும் அன்று. அதுவும் ஒரு வகுப்பறையே. வீட்டில் இரண்டு காலமும் தடுமாறாமல் பாடிய வர்ணத்தை, மேடையில் பதற்றத்தால் சற்று விரைவாக எடுத்துவிட்டால், இரண்டாம் காலத்தில் மூச்சு முட்டும். மிருதங்கக்காரரின் கையைக் கவனித்துப் பாடுவதும், தவறினால் நிற்காமல் தொடர்வதும் தனியறைச் சாதகத்தில் வாரா. நீரில் இறங்காமல் நீச்சல் வருமா?

நம் கல்லூரி இணைந்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இதில் ஒரு பெரும் மரபு உண்டு. 1929இல் இராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். பின்னர் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்ற மேதைகள் அங்குப் பணியாற்றினர். 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் அண்ணாமலை நகரில்தான். கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்பதே அன்றைய கோரிக்கை. ஆகவே, மேடையில் யாருக்கு இடம் என்ற கேள்வி நமக்குப் புதியதன்று.

மேடை கிடைக்காதபோது தாமே அமைத்துக்கொண்டவர்களும் உண்டு. 1980களில் சென்னையில் இளங்கலைஞர்கள் சேர்ந்து 'யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக்' என்ற அமைப்பை நடத்தினர். விஜய் சிவா, சஞ்சய் சுப்ரமணியன் முதலியோர் அதில் பங்கு கொண்டவர்களே. சிதம்பரத்தில் 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலியில் எத்தனையோ இளம் ஆடற்கலைஞர்கள் மேடை கண்டிருக்கிறார்கள்.

இனி என் நண்பனின் கதை. அவன் நாதசுரக் குடும்பத்துப் பிள்ளை. முகூர்த்த நாட்களில் தந்தையோடு வாசிக்கப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. போனால் கல்லூரியில் வருகைப் பதிவு குறையும். கபடி விளையாடப் போகிறவனுக்கும் தேசிய மாணவர் படை முகாமுக்குப் போகிறவனுக்கும் வருகை உண்டு. நாதசுரம் ஏந்திப் போகிறவனுக்கு அபராதம். தேர்வுக்கட்டணத்தோடு அந்த அபராதத்தையும் கட்டிவிட்டு, "நான் வாசித்ததை நம் கல்லூரியில் ஒருவர்கூடக் கேட்டதில்லையடா" என்றான். அந்தச் சொல்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, மாதம் ஒருமுறை அரைமணி நேர இசையரங்கு. அதை மாலையில் வைத்தால் கச்சிராயபாளையம் பேருந்தைப் பிடிக்க நாங்களே எழுந்து ஓடிவிடுவோம். மதிய இடைவேளையே தக்க நேரம். ஒரு வகுப்பறையும் ஒரு சமுக்காளமும் ஒரு சுருதிப்பெட்டியும் போதும். இரண்டாவது, விளையாட்டு வீரருக்குள்ள வருகைச் சலுகை இசை பயில்வோருக்கும் வேண்டும். மூன்றாவது, அண்ணாமலை நகரின் இசைத்துறை மாணவர் இங்கு வந்து பாடவும், நம்மவர் அங்குச் சென்று பாடவும் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வழி செய்ய வேண்டும். விழுப்புரம் மாவட்ட அரசு இசைப்பள்ளி மாணவரையும் நாம் அழைக்கலாம்.

"யார் உட்கார்ந்து கேட்பார்கள்?" என்று சிலர் கேட்பர். நம் ஊர்த் திருவிழாவில் சுவாமி புறப்படுகையில் நாதசுரத்தில் மல்லாரி எழும்போது, கூட்டம் பேச்சை நிறுத்துவதை நாம் பார்த்ததில்லையா? இராகத்தின் பெயர் அறியாதவர்களும் அங்கு நின்று கேட்கிறார்கள். கல்வராயன் மலையடிவாரத்து மக்களுக்குச் செவி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். முதல் மாதம் இருபது பேர் வரட்டும், அதுவே போதும்.

ஆசிரியப் பெருமக்களையும் தோழர்களையும் நான் வேண்டுவது பெரிய மண்டபத்தை அன்று. ஓர் அரைமணி நேரத்தையே. அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது நான் இங்கு மாணவனாக இருக்க மாட்டேன். என் நண்பனின் நாதசுரத்தை நம் கல்லூரி கேட்டது என்ற செய்தி அதில் இருக்குமானால், வடக்கனந்தலில் இருந்தபடியே படித்து மகிழ்வேன்.