எலி வேட்டைக்குத் துப்பாக்கியா, கிட்டியா?

எலித் தொல்லை பற்றிப் பேச வரும் உழவர்களில் சிலர் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள். காற்றுத் துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்தி இரவில் வயல் எலிகளைச் சுடலாமா, எந்தத் தொலைநோக்கி நல்லது என்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நட்ட நாற்பதாம் நாளில் நடுவயலில் பயிர் திட்டுத் திட்டாக வெட்டுண்டு கிடப்பதைப் பார்த்தவருக்குக் கையில் அகப்பட்டதெல்லாம் ஆயுதமாகத்தான் தோன்றும்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் உண்டு. அங்கே மேய்ச்சல் நிலங்களில் வளை தோண்டி வாழும் ஒருவகைத் தரை அணில், பகல் வெளிச்சத்தில் வெளியே வந்து வளை வாயிலில் நிமிர்ந்து நிற்கும். மரமில்லாத வெட்டவெளி. தூரத்திலிருந்து நிதானமாகக் குறி பார்க்கலாம்; அந்த வேலைக்குத் தொலைநோக்கி பொருத்தமானதே. நம் டெல்டா வயல்களின் கரம்பை எலியோ பகலெல்லாம் வரப்புக்குள் உறங்கும். இருட்டிய பிறகு பயிரின் அடியில் ஊர்ந்து போய்த் தூர்களை வெட்டும். எந்தக் கண்ணாடி வைத்தாலும் பயிருக்குள் இருப்பது தெரியாது. அதே நேரத்தில் பக்கத்து வயல்காரர் மடை திருப்ப வரப்பில் வந்துகொண்டிருப்பார். அந்த இருட்டில் குண்டு யார் மீது படும் என்று சொல்ல முடியாது. விடிய விடியக் காத்திருந்து நாலைந்து எலியைச் சுட்டாலும் வரப்பில் மிச்சம் இருப்பவை ஏராளம். ஒரு பெட்டை எலி மூன்று வாரச் சினையில் ஐந்தாறு குட்டிகளைப் போட்டுவிடும்.

நமது எலிக்குக் குறி வைக்க வேண்டிய இடம் வளை. அதிலும் எலி குடியிருக்கும் வளை. மாலையில் வரப்பிலுள்ள எல்லா வளைகளையும் சேறு வைத்து அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ, அவற்றில்தான் எலி இருக்கிறது. வாயிலில் புதிதாகத் தள்ளிய மண் குவிந்திருந்தால் அது கரம்பை எலி. வெட்டிய தூரையும் எடுத்துப் பாருங்கள்; எலி வெட்டு கத்தியால் சீவியது போலச் சாய்வாக இருக்கும். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டு துளைப்பானின் வேலை. அதற்கு எலி மருந்து வைத்துப் பயனில்லை. வைப்பவர்கள் இருக்கிறார்கள்!

வளை தெரிந்த பிறகு ஆயுதத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் முதல் இடம் தஞ்சாவூர்க் கிட்டிக்குத்தான். மூங்கில் வில்லும் கயிறும் கொண்ட அந்தச் சின்னக் கருவியைப் பழசு என்று ஒதுக்குகிறோம். மாலையில் எலியின் தடம் பார்த்து வைத்தால், இரைக்குத் தலை நீட்டிய எலியை வில் அந்த இடத்திலேயே அமுக்கிவிடும். விடியற்காலையில் எத்தனை விழுந்தன என்று எண்ணிப் பார்த்துக் கூலி கொடுக்கலாம். நஞ்சு மண்ணிலும் தங்காது, நாயும் கூகையும் சாகாது. எலி மிகுந்த வயலுக்கு ஏக்கருக்கு நாற்பது கிட்டி வரை வேண்டியிருக்கும். இரை என்ன, எந்தத் தடத்தில் வைப்பது என்பதெல்லாம் கிட்டிக்காரரின் கைப்பழக்கம். அதை நான் புத்தகத்தில் கற்றதைவிட அவர்களிடம் கற்றதே அதிகம். அந்த ஆட்கள் ஊருக்கு ஊர் குறைந்து வருவது வருத்தமான விஷயம்.

மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிங்க் பாஸ்பைடு வைப்பதானால் இரண்டு மூன்று நாள் வெறும் பொரியை வைத்து எலியைப் பழக்கிய பிறகே, 49 பங்கு பொரிக்கு 1 பங்கு மருந்து கலந்து வைக்க வேண்டும். கலக்கும்போது வெறுங்கை கூடாது. பழக்காமல் வைத்தால், கொஞ்சம் தின்று பிழைத்த எலி அந்தப் பக்கமே வராது. பிறகு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. புரோமோடையலோன் மெதுவாகக் கொல்வதால் எலிக்குச் சந்தேகம் எழுவதில்லை. எந்த மருந்தானாலும் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும். கதிர் பால் பிடித்த பிறகு எந்த மருந்தும் சரிவரப் பலிக்காது. வயல் முழுவதும் விருந்து இருக்கும்போது பொரியை எந்த எலி தேடும்?

துப்பாக்கி கேட்பவரைவிட எனக்கு அதிகக் கவலை தருபவர், மோட்டார் கொட்டகையிலிருந்து வயலைச் சுற்றி மின்கம்பி இழுப்பவர். எலிக்கு வைத்த கம்பியில் மனிதர் செத்த செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. செத்தவர் சில சமயம் பக்கத்து வயல்காரர், சில சமயம் கம்பி இழுத்தவரே. நடுவில் ஒரு பல்பைக் கோத்துவிட்டால் ஆபத்தில்லை என்று சிலர் நம்புகிறார்கள். கணக்குப் பாருங்கள். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பில் ஓடுவது சுமார் கால் ஆம்பியர். அதில் ஐந்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் பாய்ந்தாலே இதயம் நின்றுபோகலாம். சேற்றில் கால் வைத்து நிற்கும் மனிதனுக்குத் தப்ப வழியில்லை. ஃபியூஸ் போகும் என்று நம்பவும் இடமில்லை. அது பல ஆம்பியர் தாங்கும். இது சட்டப்படியும் குற்றம். உயிர் போனால் சிறைதான். எலியால் போவது சில மூட்டை நெல்.

கம்பி இழுக்கும் நிலைக்கு அவர் ஏன் வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். தன் அரை ஏக்கரில் அவர் கொன்ற எலிக்கு ஈடாக நாலு பக்கத்திலிருந்தும் புதிய எலிகள் வந்துகொண்டே இருந்தன, கிட்டிக்காரரும் கிடைக்கவில்லை. எனவே இதை ஒருவரது வயலின் பிரச்சினையாக வைத்திருப்பதே தவறு என்பது என் கருத்து. ஒரு வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, ஏக்கர் கணக்கில் பணம் போட்டு, ஒரே வாரத்தில் கிட்டி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சித்திரை, வைகாசியில் வயல் காய்ந்து கிடக்கும்போது எலிகள் வாய்க்கால் கரையிலும் பெரு வரப்புகளிலும் ஒதுங்கியிருக்கும். மேட்டூர்த் தண்ணீர் வருமுன் அங்கே ஒரு சுற்று. நடவு முடிந்த முதல் மாதத்தில், பயிர் பொதி தள்ளுமுன், இன்னொரு சுற்று. வரப்பையும் ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்குச் செதுக்கிவிட்டால் வளை போட இடம் குறையும். கூகை வந்து உட்கார ஏக்கருக்குப் பதினைந்து இருபது கழிகள் நட்டு வைத்தால் அது கூலியில்லாத காவல்.

இப்போது உங்கள் வயலில் மின்கம்பி இருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள். முதலில் கொட்டகையில் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு பகல் வெளிச்சத்தில், கொட்டகைப் பக்கத்து முனையை முதலில் கழற்றிவிட்டுக் கம்பியைச் சுருட்டுங்கள்.